குசுமியும் ரங்கினியும்

ராஞ்சியில் வேலை பார்க்கும் நண்பர் கூப்பிட்டதால்தான் ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்துக்குப் போனேன். தை மாதம், குசும் மரங்களில் அரக்கு வெட்டும் காலம்.

முண்டா கிராமம் ஒன்றில், மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மூதாட்டி குச்சிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். குச்சி முழுக்க அரக்கு பொருக்குத் தட்டியிருந்தது. ஒன்றை வெயிலில் திருப்பிக் காட்டினார். பொருக்கில் ஆங்காங்கே மஞ்சள் புள்ளி. உள்ளிருக்கும் தாய்ப்பூச்சி முற்றிவிட்டது, சில நாளில் குஞ்சு இறங்கும் என்பதற்கு அதுதான் அடையாளம். அரை மில்லிமீட்டர் நீளச் சிவப்புக் குஞ்சு இளங்கிளையில் இடம் பார்த்து ஊசிவாயைச் செருகும். பெண்ணாக இருந்தால் அதன்பின் அங்கிருந்து நகராது. தான் சுரந்த பிசினுக்குள்ளேயே வாழ்ந்து, முட்டையிட்டுச் சாகும்.

“இது குசுமி. பலாச மரத்துப் பூச்சியை இந்த மரத்தில் கட்டினால் தேறாது” என்றார். நண்பர் எனக்குத் தமிழில் சொன்னார்.

கெரியா லாக்கா என்ற ஒரே இனத்துக்குள்தான் இத்தனை வேறுபாடு. பலாசிலும் இலந்தையிலும் வளரும் ரங்கினிக்கு ஒரு தலைமுறை நான்கு மாதம், அடுத்தது எட்டு மாதம். குசுமிக்கு இரண்டுமே ஏறத்தாழ ஆறு மாதம். அரக்கும் வெளிர் நிறம். மைசூர்ப் பக்கம் ஜாலாரி மரத்தில் வாழும் பூச்சியோ ஆண்டுக்கு மூன்று தலைமுறை காண்கிறது. ராஞ்சியை ஒட்டிய நாம்கும்மில் 1924 முதல் இயங்கும் அரக்கு ஆய்வு நிலையத்தில் இந்த வகைகளைத் தனித்தனியே வளர்க்கிறார்கள். டி.என்.ஏ. ஆய்வுகளும் வேறுபாட்டை உறுதி செய்திருக்கின்றன. மூதாட்டிக்கு விரல் பட்டாலே தெரிகிறது.

தரகருக்கும் தெரியும். 2020இல் மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, கிலோவுக்குக் குசுமிக்கு 275 ரூபாய், ரங்கினிக்கு 200. சந்தையில் நான் பார்த்த தரகர் இரண்டையும் ஒரே தராசில் போட்டு, ரங்கினி விலைதான் கொடுத்தார். கடன்பட்டவர்கள் வாய் திறக்கவில்லை.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று நடக்கிறது. சித்திரையில் வீட்டில் தானியம் தீர்ந்ததும், குஞ்சு இறங்குமுன்பே பலாசக் கிளைகளை வெட்டி விற்றுவிடுகிறார்கள். பழுக்காத அந்த அரக்குக்கு ‘அரி’ என்று பெயர். மரத்தில் விதைப்பூச்சி மிஞ்சாது. அடுத்த பருவத்துக்கு எந்த ஊர்ப் பூச்சியோ விலைக்கு வரும். உள்ளூர் வெயிலுக்கும் மழைக்கும் தலைமுறை தலைமுறையாக ஈடுகொடுத்து மிஞ்சிய பூச்சிக்குடி அதோடு போய்விடும். ஆய்வகத்தில் சில கிளைகளில் காப்பாற்றி வைப்பது காட்டில் அழிந்ததற்கு ஈடாகாது.

ஊருக்குப் பத்து மரமாவது வெட்டாமல் விதைக்கென்று ஒதுக்க வேண்டும். மரத்துக்குச் சொந்தக்காரர் ஆனி வரை தாக்குப்பிடிக்க, வட்டியில்லாக் கடனைக் கூட்டுறவுச் சங்கம் சித்திரையிலேயே கொடுக்க வேண்டும்.