பிரேசர் மலையும் பிறர் வீட்டுக் குதிரையும்

கோலகுபு பாருவிலிருந்து ரவுப் செல்லும் பழைய சாலையில் ஏறினால் வளைவுக்கு மேல் வளைவு. வயிற்றைப் பிரட்டும் வளைவுகள். எலுமிச்சம் பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கேப் என்னும் இடத்தை அடைந்தபின் இன்னும் 8 கிலோமீட்டர் குறுகிய மலைப்பாதை இருக்கிறது. முன்னாளில் அந்தப் பாதையில் ஏறும் வண்டிகளுக்கு ஒரு வேளை, இறங்கும் வண்டிகளுக்கு ஒரு வேளை என்று முறை வைத்துத்தான் விடுவார்கள். 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த மலைக்கு வரும் வழியில்தான்.

மேலே போய்விட்டால் வேறு உலகம். கடல் மட்டத்துக்கு 1,200 மீட்டருக்கு மேல். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வியர்த்துப் பழகிய நமக்குக் காலையில் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவவே தயக்கமாக இருக்கும். கருங்கல் கட்டடங்கள், கொடி படர்ந்த மணிக்கூண்டு, சிறிய அஞ்சலகம், எந்நேரமும் இறங்கிவரும் மூடுபனி. இடம் பகாங் மாநிலத்து ரவுப் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஈயத் தொழிலுக்காக இங்கு வந்த லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பெயரே மலைக்கு வந்தது. அவர் கோவேறு கழுதைகளை வைத்துச் சுமை இறக்கியவர் என்பார்கள். ஆக, மோட்டார் வண்டிக்கு முன்பே குளம்புச் சத்தம் கேட்ட மலை இது.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து இரண்டு வேன் பிடித்து அங்கே போனோம். அப்போது குதிரை மைதானத்தில் குட்டைக் குதிரைகள் இருந்தன. பிள்ளைகளுக்கு மணிக்கூண்டும் தெரியவில்லை, பறவையும் தெரியவில்லை. வேன் நின்றதும் நேரே குதிரையிடம் ஓட்டம்.

நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன், கையில் பாதி கடித்த கறிப்பாப், ஒரு பழுப்புக் குதிரையின் பின்புறமாக ஓசையின்றி நெருங்கினான். அதைத் தடவிக் கொடுக்கப் பார்த்தான் போலும். குதிரைக்காரர், வயதான மலாய்க்காரர், இரண்டே எட்டில் வந்து அவன் சட்டையைப் பிடித்து அப்பால் இழுத்துவிட்டார். அதட்டல் சற்றுப் பலமாகத்தான் இருந்தது. எங்களுடன் வந்த ஒருவருக்கு அது பிடிக்கவில்லை.

"காசு கொடுத்துத்தானே ஏறப் போறோம்? தொட்டா என்னவாம்?" என்றார்.

அருகில் நின்ற அம்மாள் ஒருவர், எங்கள் லயத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர், உடனே திரும்பினார்.

"ஏண்ணே, போன தீபாவளிக்கு டவுன்லேருந்து வந்த பிள்ளைங்க என் செவப்பிக்கு கேக்கையும் முறுக்கையும் குடுத்து, அது ரெண்டு நாளா அசை போடாமக் கிடந்துச்சே! அப்ப யாருண்ணே அவங்களைச் சத்தம் போட்டது? நீங்கதானே?"

அவர் அதற்குமேல் பேசவில்லை.

அந்த அம்மாள் சொன்னதைக் குதிரை விஷயத்தில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நாம் கொடுக்கும் வெள்ளி நாலு சுற்று ஏறிவருவதற்கு. குதிரை அவருடையது. நாளை காலையில் அதன் சாணத்தை அள்ளப் போகிறவரும், அதற்கு நோய் கண்டால் இராத்திரி விழித்திருக்கப் போகிறவரும் அவரே.

தீனி விஷயத்தில் குதிரை மாட்டைவிடவும் மோசம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் மேலே வர வழியில்லை, வயிற்று வலி கண்டு கீழே விழுந்து புரளும், சில வேளை உயிரே போய்விடும். ஆகவே ரொட்டி, மிட்டாய், கறிப்பாப் எதுவும் வேண்டாம். காரட் கொண்டு போயிருந்தாலும் முதலில் உரியவரைக் கேட்க வேண்டும். அவர் சரி என்றால் உள்ளங்கையைத் தட்டு போல் விரித்து, கட்டைவிரலையும் ஒட்டி வைத்து நீட்ட வேண்டும். விரல்களால் பிடித்து நீட்டினால் குதிரைக்குக் காரட் எது, விரல் எது என்று தெரியாது. அதற்குக் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால், வாய்க்கு நேர் எதிரே இருப்பது தெரிவதில்லை.

நேர் பின்னால் நிற்பதும் தெரிவதில்லை. மற்றப்படி ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும் பிராணி அது. தெரியாத இடத்தில் ஏதோ அசைந்தால் புலிதான் வந்துவிட்டது என்று எண்ணி உதைக்கும். அந்த உதை எலும்பை முறிக்கக்கூடியது. "முகத்தை முதலில் காட்டு, கையைப் பிறகு நீட்டு" என்ற பொருளில் அந்தக் குதிரைக்காரர் பையனுக்கு மலாயில் சொல்லிக்கொடுத்தார். இடது தோள் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டு போய், கழுத்தைத் தடவ வேண்டும். காதுகளைப் பின்னுக்கு மடித்து ஒட்டிக்கொண்டால் அதற்குக் கோபம்; விலகிவிட வேண்டும்.

நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலையில் அடிக்கடி தூறல் விழும். குதிரையின் பக்கத்தில் சட்டென்று குடையை விரிப்பதும், பிளாஸ்டிக் பையைச் சடசடவென உதறுவதும் ஆபத்து. பெண் பிள்ளைகளின் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிவிடுங்கள். சிலிப்பரோடு ஏறவே கூடாது. குதிகால் உள்ள மூடிய காலணி இருந்தால்தான் பாதம் அங்கவடிக்குள் முழுதும் நுழைந்து சிக்கிக்கொள்ளாது. இழுத்துச் செல்லும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு உண்டு. குதிரை மிரண்டு ஓடினால் சுற்றிய கை கயிற்றோடு போய்விடும், மடித்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஏறியபின் உரியவர் நட என்றால் நடைதான். பக்கத்துக் குதிரை ஓடுகிறதே என்று நம் பையன் குதிகாலால் இடிக்கக் கூடாது. முன்னே போகும் குதிரைக்கும் இதற்கும் நடுவே இன்னொரு குதிரை நிற்கும் அளவு இடைவெளி வேண்டும். உடம்பு கனத்த பெரியவர்கள், "எனக்கும் ஒரு சுற்று" என்று அடம் பிடிப்பதையும் பார்த்தேன். குட்டைக் குதிரை எவ்வளவு எடை தாங்கும் என்பது அதை வளர்க்கிறவருக்குத் தெரியும். அவர் முடியாது என்றால் அது அவமரியாதை ஆகாது. சிரித்துக்கொண்டு விலகி நின்று படம் எடுக்கலாம்.

சபாவில் கோத்தா பெலுட் பக்கம் போகிறவர்களும் உண்டு. அங்கே பஜாவ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குதிரை ஏறுகிறவர்கள். வேலிக்கு அப்பால் மேயும் குதிரையைக் கண்டால் அதற்கு ஒரு வீடும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அங்கே போய்க் கேளுங்கள். வேலிப்படலைத் திறந்து உள்ளே போனால் மறுபடி சாத்த வேண்டும்; திறந்தே கிடந்ததென்றால் திறந்தபடியே விட வேண்டும். மாடு வளர்க்கிற வீட்டில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

தலைக்கவசத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாடிக்குக் கீழே வார் பூட்டி, ஆட்டிப் பார்த்து அசையாமல் இருந்தால்தான் அளவு சரி. "வெக்கையா இருக்கு சார்" என்று பிள்ளை கழற்றப் பார்க்கும், விடாதீர்கள். விழ நேர்ந்தால் கடிவாளத்தை விட்டுவிட்டு, உருண்டு குளம்புக்கு அப்பால் போய்விட வேண்டும். விழும்போது கவசம் தரையில் மோதியிருந்தால், வெளியே கீறலே இல்லாவிட்டாலும் உள்ளே அது கெட்டுப்போயிருக்கும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சத்தமில்லாமல் அதை ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். குதிரைக்காரரைக் கூப்பிட்டு, "பாக்சிக், இது கீழே அடிபட்டது" என்று கையில் கொடுத்துச் சொல்லுங்கள். அடுத்த வேனில் வரும் பிள்ளைக்கு அதை அவர் மாட்டிவிடாமல் இருப்பார்.