நாலரை மணி ஆட்டம்

மாலத்தீவில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஆறு மணியை ஒட்டித்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நாடு என்பதால் கோடைப் பகல் நீளாது, குளிர்காலப் பகல் சுருங்காது. விளையாட்டு நேரமும் அப்படியே. அசர் தொழுகை முடிந்து வெயில் தணியும் நாலரை மணி வாக்கில் பந்து உருளத் தொடங்கும். சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு கேட்டதும் நின்றுவிடும். இந்த ஒன்றரை மணி நேரத்தை அறைக்குள் செல்போனோடு கழிக்கிற வெளிநாட்டு ஆசிரியருக்கு ஒப்பந்தக் காலம் முடியும்வரை பேச்சுத்துணை கிடைப்பது கஷ்டம்.

அங்கே பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதனால்தான் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆசிரியர்கள் காலங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தலைநகர் மாலேயில் வேலை கிடைத்தவர்களுக்குச் சொந்த ஊர்க்காரர்களைத் தேடிப்பிடிப்பது எளிது. வெளித்தீவுக்குப் போகிறவர் கதை வேறு. அரை மணி நேரத்தில் நடந்தே சுற்றி வந்துவிடக்கூடிய தீவு. தியேட்டர் கிடையாது. மக்கள் வாழும் தீவுகளில் மது விற்கக்கூடாது என்பதால், மற்ற நாடுகளில் வெளியூர்க்காரர்கள் மாலையில் ஒதுங்குகிற பார் என்ற இடமும் இல்லை. அந்த வேலையையெல்லாம் இங்கே செய்வது மைதானமும், மரத்தடியில் கயிறு பின்னிப் போட்டிருக்கும் ஜோலி நாற்காலிகளும்தான்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் முதலில் கேட்பது கிரிக்கெட். மாலத்தீவுக்குத் தேசிய அணி உண்டு, ஐ.சி.சி. உறுப்பினர் தகுதியும் உண்டு. ஆனால் ஆட்டம் பெரும்பாலும் மாலே, ஹுல்ஹுமாலே பக்கத்தோடு நின்றுவிடுகிறது. வெளித்தீவில் ராஜா கால்பந்துதான். புதிதாக வந்தவர் இந்தியர் என்று தெரிந்தால் 2008 தெற்காசியக் கோப்பை பேச்சு வராமல் இருக்காது. கொழும்பில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் மாலத்தீவு இந்தியாவை 1-0 என்று வென்றது. 2018-ல் டாக்காவில் மறுபடியும் இந்தியாதான், 2-1. இதற்கு முகம் சுளிக்காமல் சிரிக்கத் தெரிந்த ஆசிரியருக்குப் பாதிக் கதவு திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 2021-ல் மாலேயிலேயே இந்தியா கோப்பை வென்றதை ஒரு மாதம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் கால்பந்து, புதியவரை எளிதில் சேர்த்துக்கொள்ளும் ஆட்டமல்ல. செயற்கைப் புல்தரையில் விளக்கொளியில் நடக்கும் ஃபுட்சாலில் பக்கத்துக்கு ஐந்தே பேர். ஒருவர் மூச்சு வாங்கினால் அணியே தெரிந்துகொள்ளும். பையன்கள் 'அவஸ், அவஸ்' (வேகம், வேகம்) என்று விரட்டும் வேகத்துக்கு நாற்பது வயதுக் கால் போகாது.

வாலிபால் அப்படியில்லை. தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் இரவில் லைட் கட்டி வாலிபால் டோர்னமென்ட் நடத்துவார்கள். அதில் வளர்ந்த ஆசிரியர்கள் மாலத்தீவு மணலில் சட்டென்று பொருந்திவிடுகிறார்கள். எந்த ஊரிலும் இளைஞர்கள் அத்தனை பேருக்கும் வலைக்கு மேலே எம்பி அடிக்கத்தான் ஆசை. பந்தை விரல்நுனியில் வாங்கி, அடிக்கிறவன் கைக்கு வாகாகத் தூக்கிக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. தென்காசிப் பக்கத்துக் கணித ஆசிரியர் ஒருவர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். குதிப்பதை விட்டுவிட்டு வலையோரம் நின்றுகொண்டார். யார் இடக்கைக்காரன், யாருக்கு உயரமாக வேண்டும், யாருக்குத் தாழ்வாக, வேகமாக வேண்டும் என்பதையெல்லாம் கவனித்து வைத்துக்கொண்டார். பிறகு அவர் வராத நாளில் பையன்கள் வீட்டுக் கதவைத் தட்டி 'சார், வாங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வெறுங்காலோடு இறங்கினால் பவளத்துண்டு பாதத்தைக் கிழிக்கும் என்று பழைய செருப்பைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்கள்தான்.

அந்தச் 'சார்' என்ற சொல்தான் ஆசிரியருக்கே உரிய சங்கடம். வங்கி ஊழியருக்கோ ரிசார்ட் சமையற்காரருக்கோ இந்தத் தொல்லை இல்லை. வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவன் பத்தாம் வகுப்பு மாணவன். இந்தப் பக்கம் நிற்பவர் அவனுடைய அப்பா. சார் கோட்டுக்கு வெளியே அடித்தாலும் மாணவன் 'உள்ளே' என்று சொல்லிவிடுவான். இதை முதல் வாரமே முறிக்கவேண்டும். சந்தேகமான பந்தையெல்லாம் தனக்கு எதிராகத் தானே சொல்லிவிடுவது ஒரு வழி. இன்னொரு கட்டுப்பாடும் வேண்டும்: மைதானத்தில் மதிப்பெண் பேச்சு எடுக்கக்கூடாது. அப்பாக்கள் எடுப்பார்கள். 'காலையில் ஸ்கூலுக்கு வாங்க' என்று சொல்லிவிட்டு சர்வீஸ் போடப் போய்விடவேண்டும்.

ரமலானில் கால அட்டவணையே தலைகீழ். ஆட்டம் இரவுக்கு மாறும், தூக்கம் விடியலுக்கு. நோன்பு வைக்காத ஆசிரியர் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, இரவு ஆட்டத்துக்கு வந்து நிற்பதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மழை பிடித்தால் கேரம். பலகை ஜோலிக்குப் பக்கத்தில் வந்துவிடும். பவுடரை உள்ளங்கையால் தேய்த்து, நாலு பேர் உட்கார, எட்டுப் பேர் நின்று யோசனை சொல்வார்கள். சென்னைப் பெண் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற பிறகு, சென்னைக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் ஓர் ஆபத்தும் உண்டு: ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோவைத் தவறவிட்டால் கேலி இரட்டிப்பாகும். ஆட்டம் முடிந்தால் தேநீர், மீன் வைத்த கட்லெட், பிறகு வெற்றிலை பாக்கு. வீட்டு வாடகைத் தகராறு, படகு நேரம், ஊருக்குப் பணம் அனுப்பும் வழி எல்லாம் அந்த வெற்றிலைத் தட்டைச் சுற்றித்தான் தீரும்.

ஆண்கள் கூடும் இந்த இடங்களில் ஆசிரியைகளுக்கு இடம் குறைவு. அவர்களுக்கு முதலில் அமைவது மாலை நடை. பிறகு நெட்பால், அதையும்விட பஷி. டென்னிஸ் ராக்கெட்டால் டென்னிஸ் பந்தை அடிக்கும் பெண்கள் ஆட்டம் இது; முன்காலத்தில் தென்னங்கீற்றில் முடைந்த பந்து. அடிக்கிறவர் வலைக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலே பின்புறமாக அடிக்கிறார். எதிரணி அதைக் கையால் பிடிக்கவேண்டும். பக்கத்துக்குப் பதினோரு பேர். சின்னப் பள்ளியின் ஆசிரியைகளை மட்டும் வைத்துப் பதினொன்று தேற்ற முடியுமா? அதனால் ராக்கெட்டையே தொட்டிராத புது மிஸ்ஸையும் வந்த வாரத்திலேயே இழுத்துக்கொண்டு போய், பந்து பிடிக்கும் பக்கம் நிறுத்திவிடுகிறார்கள். அடிக்கக் கற்றுக்கொடுப்பதெல்லாம் அப்புறம்.