சட்டை என்ன நிறம்?

வெள்ளவத்தையில் எங்கள் பிளற்காரர் எல்லாரும் ஹோட்டன் சமவெளிக்கு நடக்கப் போவதென்று முடிவானபோது, ஒழுங்குபடுத்தும் வேலையைக் கேட்டு வாங்கியவன் நான். எனக்கிருந்தது ஒரே கணக்கு. உலக முடிவை ஒன்பது மணிக்கு முதல் பார்த்துவிட வேண்டும். பிந்தினால் கீழிருந்து முகில் ஏறி, 800 மீட்டருக்கு மேல் இறங்கும் அந்தச் செங்குத்தை மூடிவிடும். இரவோடிரவாக வானில் புறப்பட்டு, ஹற்றன், நுவரெலியா தாண்டி, பட்டிப்பொல காட்டு வீதியால் ஏறினோம்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூன்றாம் மாடி வாத்தியார். புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மத்திய மலைநாட்டின் தெற்குச் சரிவைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறியிருக்கிறார், கண்ணால் கண்டதில்லை. வழி முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். நான் "ஓம், ஓம்" என்றபடி மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனைக் கழற்றுவார்கள். வாத்தியாரின் மனைவி பிஸ்கற், பணிஸ் எல்லாவற்றையும் தனித்தனிப் பொலித்தீனில் கட்டியிருந்தா. அவர் ஒவ்வொன்றாகக் கடதாசிப் பைக்கு மாற்றத் தொடங்கினார். மரையைப் படமெடுத்தவர்களையும் கலைத்துக்கொண்டு நான் முன்னால் போய்விட்டேன்.

ஒன்பது சொச்சம் கிலோமீட்டர் வட்டப்பாதை அது. சிறிது தூரத்தில் பிரியும். எந்தப் பக்கம் போனாலும் உலக முடிவுக்கு வரலாம். எட்டு மணிக்கே நாங்கள் விளிம்பில் நின்றோம். துளி முகில் இல்லை. குழுப்படம் எடுக்க நிற்கும்போதுதான் ஒருத்தி கேட்டாள்: "வாத்தியார் எங்க, அண்ணை?"

கைபேசியில் சிக்னல் இல்லை. வந்த வழியே திரும்பி ஓடினேன். வழியில் அவர் இல்லை. சோதனை செய்த காவலரிடம் மூச்சிரைக்க விசாரித்தேன். அவர் பதறவில்லை.

"சட்டை என்ன நிறம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இரவு முழுக்கத் தோளோடு தோள் இடிபட இருந்த மனிதர். கோடு போட்டதா, வெள்ளையா? கம்பளிச் சட்டை போட்டிருந்தாரா? தொப்பி? சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும், வளைவு எங்கே, ஏற்றம் எங்கே, எல்லாம் என்னிடம் இருந்தது. காவலர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவரே சொன்னார்: "குடை வைத்திருந்த ஐயாவோ? பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் போனவர்."

உலக முடிவிலேயே நின்றிருந்தால் அவர் தானாக எதிரே வந்திருப்பார். வட்டத்தில் ஓடி ஆளைத் தேடிய புத்தி எனக்கு மட்டும்தான் இருக்கும். மறுபாதியையும் தனியே நடந்து போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. முன்னால் வெறும் வெள்ளை. வாத்தியார் வாங்கில் இருந்து பிள்ளைகளுக்குப் பணிஸ் பகிர்ந்துகொண்டிருந்தார்.

"பார்த்தீங்களோ, சேர்?"

"நான் வர மூடிப்போட்டுது. பரவாயில்லை, தம்பி. சந்தியில ஒருத்தரும் நிக்கேல்லை, அதுதான் மற்றப் பக்கத்தால வந்தனான்."

சட்டை நீலம்.

அடுத்த பயணத்துக்குக் கூப்பிட்டபோது, முழங்கால் சரியில்லை என்றார். பின்னேரங்களில் மரைன் டிரைவில் பம்பலப்பிட்டிப் பக்கமாக வீசி நடந்துகொண்டு போவார். கண்டால் கை காட்டுவார், நிற்கமாட்டார்.