கீரிக் கரையும் கடலடி வாயுவும்

மன்னார் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் எழும் காட்சிகள் பல. திருக்கேதீச்சரத்தின் கோபுரம், போர்த்துக்கேயர் எழுப்பி ஒல்லாந்தர் திருத்திய கோட்டை, பள்ளிமுனையிலே யானையின் உடல்போலப் பருத்து நிற்கும் பெருக்க மரம், தெருவெங்கும் தன்னிச்சையாய்த் திரியும் கழுதைகள், மணம் வீசும் கருவாடு ஆகியவற்றை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. ஆயினும் மன்னார் நகரின் அண்மையிலே அமைந்துள்ள கீரி என்னும் சிற்றூரை அறிந்தோர் சிலரே. அவ்வூரின் கடற்கரையில் ஒரு நாளைக் கழிக்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. கடலைக் காணச் சென்ற நாம், கடலுக்கு அடியிலுள்ள ஒன்றைப் பற்றிய சிந்தனையோடு திரும்பினோம்.

மன்னாருக்குச் செல்வது இன்று கடினமன்று. 1990இல் போரினாற் தகர்ந்த பாலத்திற்குப் பதிலாக 2010இல் புதிய பாலம் எழுந்தது. கால் நூற்றாண்டு காலம் நின்றிருந்த புகையிரதமும் 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே மீண்டும் தலைமன்னாரைத் தொட்டது. பாலத்தின் இருபுறமும் ஆழமில்லா நீர்ப்பரப்பு. அதிலே ஒற்றைக் காலில் தவமிருக்கும் நாரைகள். அதைக் கடந்தால் தீவு. தீவின் வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரு கடலும் இரு குணம் உடையன என்பர் இவ்வூரார். ஒன்று சீறும்போது மற்றொன்று அடங்கியிருக்கும். காற்றின் போக்கறிந்து தொழிலைப் பக்கம் மாற்றிக்கொள்வது இங்குள்ளோர் தம் முன்னோரிடம் கற்ற வித்தை.

கீரிக் கரையில் வெண்மணல் பரந்து கிடக்கிறது. மரநிழலிலே வலை பொத்துவோர் சிலர். படகின் இயந்திரத்தைக் கழற்றித் துடைப்போர் சிலர். நாம் அணுகிப் பேச்சுக் கொடுத்தோம். வலைக்குள் விரலை ஓட்டியபடியே முதியவர் ஒருவர் கூறினார்: “எங்கட கடலுக்குள்ள காஸ் இருக்கெண்டு கதைக்கத் தொடங்கி எத்தினை வருசம், தம்பி! வீட்டு அடுப்புக்கு மட்டும் சிலிண்டர் கொழும்பிலயிருந்துதான் வருகுது.”

சுற்றியிருந்தோர் நகைத்தனர். எமக்கோ அது நகைக்கும் செய்தியாகத் தோன்றவில்லை. கடலின் செல்வத்திற்கும் கரையின் வறுமைக்கும் இடையே எத்தனை தூரம் இருக்கிறதென்பதை அப்பெரியவர் ஒரு வாக்கியத்திலே அளந்து காட்டிவிட்டார்.

இருவகை வாயு

முதலில் ஒரு விளக்கம். நம் அடுப்பங்கரைச் சிலிண்டரில் இருப்பது வேறு. மன்னார்க் கடலடியில் இருப்பது வேறு. சிலிண்டரில் உள்ளது புரொப்பேன், பியூட்டேன் என்பவற்றின் கலவை. சிறிது அழுத்தினாலே நீர்மமாகிவிடும். ஆகவே இரும்புக் குடத்தில் அடைத்து வீட்டுக்கு வீடு கொண்டு செல்லலாம். கடலடியில் உள்ள இயற்கை வாயுவோ பெரும்பாலும் மீதேன். அஃது எளிதில் பணியாது. குழாய் வழியே செலுத்தவேண்டும்; அன்றேல் பூச்சியத்திற்குக் கீழே 162 பாகை வரை குளிரூட்டி நீர்மமாக்கவேண்டும். அவ்வாறு செய்தால் அதன் பருமன் அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். பின்னர் தனிவகைக் கப்பலில் ஏற்றிச் சென்று, துறைமுகத்திலே மீண்டும் வாயுவாக்கி, மின்நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் அனுப்புவர்.

இவ்விளக்கம் இன்றி மன்னாரின் கதை விளங்காது. வாயுவைக் கண்டுபிடிப்பது ஒரு காரியம். அதற்குக் குழாயும் கொள்வோரும் தேடுவது அதனினும் பெரிய காரியம்.

பேசாலை முதல் ஆழ்கடல் வரை

மன்னாரில் எரிபொருள் தேடும் முயற்சி புதியதன்று. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், சோவியத் நிபுணரின் துணையோடு 1974இல் இதே தீவின் பேசாலையிலே நிலத்தைத் துளைத்தது. அந்நாளில் நாடே பேசாலையை நோக்கி நின்றது. எண்ணெய் ஊற்றுப் பீறிடும் என்று எதிர்பார்த்தோர் ஏமாற்றமே அடைந்தனர். தொழிலுக்கு உதவும் அளவில் ஒன்றும் கிட்டவில்லை.

மூன்று தசாப்தங்களுக்குப் பின்னர் பார்வை ஆழ்கடலை நோக்கித் திரும்பியது. 2003இல் பெற்றோலிய வளங்கள் சட்டம் இயற்றப்பட்டது. 2008 ஜூலையில் மன்னார்ப் படுகையின் ஒரு பகுதியில் ஆய்வு நடத்தும் உரிமையைக் கெய்ர்ன் இந்தியா நிறுவனம் பெற்றது. 2011இலே ‘சிக்யூ’ என்னும் சப்பானியக் கப்பல் இக்கடலுக்கு வந்தது. அப்பெயருக்குப் பூமி என்று பொருள். பூமியின் உள்ளத்தைத் துளைத்து ஆராய்வதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் அது.

அவ்வாண்டு ஒக்ரோபரில் ‘டொராடோ’ எனப் பெயரிட்ட கிணற்றிலே வாயு கண்டனர். அவ்விடத்தில் கடலின் ஆழம் 1,354 மீற்றர். துளை எட்டிய ஆழமோ 3,288 மீற்றர். அடுத்த மாதம் ‘பராக்கூடா’ என்னும் கிணற்றிலும் வாயு வெளிப்பட்டது. அங்கே நீரின் ஆழம் 1,509 மீற்றர். டைனோசர்கள் உலாவிய காலத்து மணற்பாறைகளிலே கோடிக்கணக்கான ஆண்டுகள் அடைபட்டிருந்த வாயு, முதன்முறையாக இலங்கைக் கடலிலே மனிதன் கைக்கு எட்டியது. பத்திரிகைகள் கொட்டை எழுத்துக்களிலே செய்தி வெளியிட்டன.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். படுகைக்கு மன்னாரின் பெயர் சூட்டப்பட்டிருந்தாலும், கிணறுகள் கீரிக் கரையிலிருந்து கண்ணுக்கு எட்டுவன அல்ல. அவை தெற்கே, கற்பிட்டிப் பக்கமாக, ஆழ்கடலில் உள்ளன. பெயர் மன்னாருக்கு, பொருள் யாருக்கு என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

ஏன் கரை சேரவில்லை?

நான்கு கிணறுகள் தோண்டப்பட்டன. இரண்டில் வாயு கிடைத்தது. எனினும் 2015இல் அந்நிறுவனம் இங்கிருந்து விலகியது. அன்று முதல் இன்று வரை ஒரு கன அடி வாயுவும் கரைக்கு வந்ததில்லை. இதன் காரணங்களை ஆராய்ந்தால் ஆசியா முழுவதையும் ஆட்டிவைக்கும் ஒரு சிக்கலின் முடிச்சு நம் கைக்கு அகப்படும்.

முதலாவது, ஆழம். ஒரு மைலுக்குச் சற்றே குறைந்த ஆழத்தில் இயந்திரம் நிறுத்திக் கரைவரை குழாய் இடுவதற்குப் பெருந்தொகை முதல் வேண்டும். இரண்டாவது, விலை. 2014இன் பிற்பகுதியிலே உலகில் எண்ணெய் விலை சரிந்தது. அதனோடு வாயுவின் விலையும் வீழ்ந்தது. விலை வீழ்ந்தபோது ஆழ்கடலில் முதல் போட எவரும் முன்வரவில்லை. மூன்றாவது, கொள்வோர். இலங்கை சிறிய நாடு. வாயுவை எரிக்கும் மின்நிலையங்கள் இருந்தால்தான் வாயு விற்பனையாகும். வாயு வரும் என்ற உறுதி இருந்தால்தான் மின்நிலையம் அமைப்பர். மாடு வாங்கிய பின்னர் தொழுவம் கட்டுவதா, தொழுவம் கட்டிய பின்னர் மாடு வாங்குவதா என்று வாதிட்டுக்கொண்டே இரண்டும் இல்லாதிருந்த குடியானவனின் நிலை இது.

கொழும்பின் வடக்கே கெரவலப்பிட்டியில் 2010இல் நிறைவுற்ற ‘யுகதனவி’ மின்நிலையம் 300 மெகாவாற்று வலுவுடையது. பின்னாளில் வாயுவுக்கு மாறலாம் என்ற எண்ணத்தோடு கட்டப்பட்ட அது உலை எண்ணெயிலேயே இயங்கி வந்தது. 2021 செப்டெம்பரில், கடலிலே மிதக்கும் வாயு நிலையம் ஒன்றை நிறுவ அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. அதைச் சூழ்ந்து வழக்கும் வாதமும் எழுந்தன, நிலையம் எழவில்லை. இதனிடையே நுரைச்சோலையிலே 900 மெகாவாற்று வலுவுள்ள நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. அதற்கு வேண்டிய கரி முழுவதும் பிறநாட்டிலிருந்து கப்பலேறி வருகிறது.

அக்கரைக் காட்சி

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்தான். அக்கரையில் இராமநாதபுரத்தை அடுத்த வழுதூரில், அம்மாவட்டத்து நிலத்தடியிலிருந்தே எடுத்த வாயுவைக் கொண்டு மின்சாரம் பிறக்கிறது. அதன் வலு 187 மெகாவாற்று. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீற்றர் நீளக் குழாய் 2021 பெப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. வடக்கே எண்ணூரில், நீர்மமாக வரும் வாயுவை இறக்கும் துறை 2019 முதல் இயங்கி வருகிறது.

அக்கரை முழுவதும் இன்பமயம் என்று நாம் கூறவில்லை. வாயுவும் எண்ணெயும் எடுக்கும் திட்டங்களால் வயலும் நிலத்தடி நீரும் கெடும் என்று 2017இல் நெடுவாசல் மக்கள் எழுந்து நின்றனர். 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது. ஆழமற்ற நிலத்தில், அண்மையிலே கொள்வோர் இருந்தால் வாயு பயன்படும் என்பது வழுதூரின் பாடம். மக்களைக் கேளாமல் மண்ணைத் துளைக்க இயலாது என்பது நெடுவாசலின் பாடம்.

சந்தையில் நின்றவர்

ஆசியாவில் இவ்வாணிகத்தைத் தொடக்கி வைத்தது சப்பான். 1969இலே அலாஸ்காவிலிருந்து முதற் கப்பல் யொக்கோகாமாவுக்கு வந்தது. பின்னர் கொரியா, தைவான், இந்தியா, சீனம் என ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தன. இன்று உலகில் கப்பலேறும் வாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆசியத் துறைமுகங்களிலேயே இறங்குகிறது. பாகிஸ்தான் 2015இலும், வங்காளதேசம் 2018இலும் இவ்வரிசையில் நின்றன.

2022இல் உக்ரெயினிலே போர் மூண்டது. ருசிய வாயுவை இழந்த ஐரோப்பா, என்ன விலையாயினும் கொடுப்பேன் என்று சந்தைக்கு வந்தது. கப்பல்கள் திசை மாறின. அவ்வாண்டு ஜூலையில் பாகிஸ்தான் பத்துக் கப்பல் வாயுவுக்கு விலைமனு கோரியது. ஒருவரும் மறுமொழி கூறவில்லை. அதே மாதத்தில் வங்காளதேசம் உடனடிச் சந்தையிலே வாங்குவதை நிறுத்திவிட்டு, முறைவைத்து மின்சாரத்தைத் துண்டித்தது. மின்நிலையமும் இறங்குதுறையும் இருந்தும், சந்தையில் பெரிய பையோடு வந்தவனுக்கு முன்னே சிறியவன் வெறுங்கையோடு நின்றான்.

அவ்வாண்டு இலங்கையின் நிலையை நாம் எழுதவேண்டுவதில்லை. அந்நியச் செலாவணி தீர்ந்தது. மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. சிலிண்டருக்காக வீதியோரத்தில் இரவைக் கழித்தோர் பலர். கீரிக் கரைக்கு அத்துன்பம் மண்ணெண்ணெய் உருவில் வந்தது. சிறு படகுகளின் இயந்திரத்திற்கு உணவு அதுவே. 2022 ஓகஸ்டிலே லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. “ராத்திரி எழும்பிக் கடலைப் பார்ப்பம், திரும்பிப் படுப்பம்” என்றார் வலை பொத்திக்கொண்டிருந்த மற்றொருவர். கடலுக்குள் எரிபொருள் கிடக்க, எரிபொருள் இன்றிக் கடலுக்குப் போகமாட்டாமல் நின்ற நாட்கள் அவை.

முத்தும் காற்றும்

இக்கடல் செல்வம் காட்டி மறைப்பது இது முதன்முறையன்று. அரிப்புக்கும் மரிச்சுக்கட்டிக்கும் அப்பாலுள்ள பார்களிலே பண்டு தொட்டு முத்துக் குளித்தனர். 1905இல் நடந்த குளிப்பு அரசாங்கத்தின் பெட்டியை நிரப்பியது. அதைக் கண்டு ஆசையுற்ற ஆங்கில வணிகர், அடுத்த ஆண்டிலே நிறுவனம் ஒன்றை அமைத்து முத்துப்பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தனர். சிப்பிகள் குத்தகைச் சீட்டைப் படிக்கவில்லை. சில ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்தது, நிறுவனமும் கலைந்தது. முத்து போனபின் கரையில் எஞ்சியவை சிப்பி ஓடுகளே.

இன்று காற்றும் செல்வமாகிவிட்டது. தீவின் தென்கரை ஓரமாக ‘தம்பபவனி’ என்னும் முப்பது காற்றாலைகள் 2020 திசம்பர் முதல் சுழல்கின்றன, வலு 103.5 மெகாவாற்று. வாயுவைப் போல இக்காற்றைக் குளிரூட்டவும் வேண்டா, கப்பலேற்றவும் வேண்டா. ஆயினும் மேலும் காற்றாலைகள் வரும் என்றபோது, வெள்ளநீர் வடியாது, மீன்வளம் குன்றும், எம்மை யாரும் கேட்கவில்லை என்று 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் நாட்கணக்காய்ப் போராடினர். முத்தாயினும் வாயுவாயினும் காற்றாயினும் முறையீடு ஒன்றே. செல்வத்தின் பெயர் மாறுகிறது. கரையில் நிற்பவனின் இடம் மாறுவதில்லை.

சிந்திக்கவேண்டியது

இனியேனும் மன்னார் வாயு கரை சேருமா? 2021இலே பெற்றோலிய வளங்களுக்குப் புதிய சட்டம் இயற்றப்பட்டுள்ளது. முதல் போடுவோரை அழைக்கும் பேச்சும் ஓயவில்லை. மறுபுறத்தில் கதிரொளியும் காற்றும் மலிந்து வருகின்றன. வாயுவுக்கென இன்று இடும் குழாய் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தால்தான் போட்ட முதல் திரும்பும். அதுவரை உலகம் அதனை விரும்பி வாங்குமா என்பதை முதல் போடுவோர் எண்ணியே தீர்வர். கடலடிப் பொருள் காத்திருக்கும், காலம் காத்திருப்பதில்லை.

ஆதலின், வாயு கோடி கோடியாய்க் கொட்டும் என்போரையும், அது வெறுங்கனவு என்போரையும் நாம் ஒருங்கே ஐயுறவேண்டும். எவ்வளவு செலவு, எவர் வாங்குவர், வருமானத்தில் மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் என்ன பங்கு, மீன்பிடிக் களம் கெட்டால் ஈடு செய்வோர் யார் என்னும் கேள்விகளுக்கு, முதற் குழாய் கடலில் இறங்குமுன் எழுத்திலே விடை வேண்டும். அக்கேள்விகளைக் கொழும்பிலே மட்டும் கேட்டுப் பயனில்லை. கீரியிலும் பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் கேட்கவேண்டும்.

கடலடியில் கிடப்பதெல்லாம் செல்வம் ஆகாது. கரையேறி, கரையோரத்தான் வீட்டிலும் ஒரு விளக்கை ஏற்றும்போதுதான் அதற்குச் செல்வம் என்ற பெயர் பொருந்தும். மன்னாருக்குச் செல்லும் வாசகர்கள் கோட்டையையும் பெருக்க மரத்தையும் கண்டபின், கீரிக்கும் ஒருமுறை செல்வார்களாக. கடல் அழகியது, கரையிலுள்ளோர் சொல்லும் செய்தி அதனினும் ஆழமானது.