நடுவானில் என்ஜின் நின்றால்

திருப்பதிக்குப் போகிறவர்களில் எத்தனையோ வகை உண்டு. மஞ்சள் ஆடை உடுத்தி நடந்தே போகிறவர்கள் உண்டு. மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டு ரயிலேறுகிறவர்கள் உண்டு. லட்டுக்காகவே போகிறவர்களும் உண்டு. என் மாமா ஒருவர் இந்த மூன்றாம் வகை. ஆனால், 1993ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், போகவேண்டும் என்ற எண்ணமே இல்லாத 262 பேர் வானத்திலிருந்து திருப்பதிப் பக்கம் போய் இறங்கினார்கள். இறங்கிய இடம் ஒரு நெல் வயல்.

அவர்கள் ஏறியது இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ300 விமானம். சென்னையில் புறப்பட்டு ஐதராபாத்துக்குப் போகவேண்டிய வழக்கமான பயணம். ஐதராபாத்தில் ஓடுபாதை தெளிவாகத் தெரியவில்லை. இறங்கப் போன விமானம் இறங்காமல் மறுபடி மேலே எழுந்தது. அப்படி எழும்போது, இறங்குவதற்காக இறக்கையிலிருந்து நீட்டி வைத்திருந்த மடல்களை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஃபிளாப் என்று சொல்வார்களே, அந்த மடல்கள்தாம். அவை உள்ளே போக மறுத்துவிட்டன. வேறு வழியின்றி, நீட்டிய மடல்களோடே சென்னைக்குத் திரும்பினார்கள். சென்னை வரும்வரை எரிபொருள் தாங்கவில்லை. வழியில் தீர்ந்துவிட்டது. ஐப்பசி முடியும் தறுவாயில், திருப்பதிக்கு அருகே வயல்வெளியில் அந்தப் பெரிய விமானத்தை இறக்கினார்கள். 262 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை.

நண்பர்களே, முப்பது ஆண்டுக்கு முந்தைய இந்த நிகழ்ச்சியை இந்த மலரில் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் இது பலமுறை பேசப்பட்ட கதை.

ஸ்ரீராம்புரத்தை உங்களில் பலர் அறிவீர்கள். நம்மில் சிலருடைய வீடே அங்குதான். குடியாத்தத்திலிருந்து மில் வேலை தேடி வந்த என் தாத்தா அங்கே ஒரு சந்தில் குடியேறினார். மில் போயிற்று, சந்து இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் விமானம் ஏறியதில்லை. இயற்பியல் முதுகலை படிக்கும் எனக்கு ஜெர்மனியில் ஓர் ஆய்வு இடம் கிடைத்தபோது, அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். பிறகு 2025 ஜூன் 12 வந்தது. ஆமதாபாத்தில் லண்டனுக்குப் புறப்பட்ட விமானம் ஏறிய வேகத்திலேயே விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒரே ஒருவர் பிழைத்தார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சொன்னாள்: “நீ எங்கயும் போவ வாணாம். இங்கயே ஒரு வேலையப் பாரு.”

என் பேராசிரியர் கேட்கும் கேள்விக்குக்கூட நான் ஒருவாறு விடை சொல்லிவிடுவேன். அம்மாவின் கேள்விக்கு விடை சொல்வதுதான் கடினம். “மேல போவும்போது என்ஜின் நின்னுபோனா இன்னாடா ஆவும்? கல்லு மாதிரி வுழுந்துடுமா?”

நான் தாளும் பேனாவும் எடுத்தேன். ஏற்றவிசை, இழுவிசை என்று இரண்டு அம்புக்குறி போடுவதற்குள் அப்பா குறுக்கிட்டார். “அட, இவ்ளோதானா! யஷ்வந்தபுரம் மேம்பாலத்துல ஏறி எறங்கும்போது நான் இன்னா பண்றேன்? உச்சி தாண்டினதும் நியூட்ரல்ல போட்டு வுட்டுடுவேன். வண்டி நின்னா போவுது? அது பாட்டுக்கு ஓடும்.”

போக்குவரத்துக் காவலர் காதில் இது விழ வேண்டாம். ஆனால் இயற்பியல் என்று பார்த்தால் அப்பா சொன்னதில் ஒரு சொல்லையும் திருத்த வேண்டியதில்லை. மேம்பாலத்தின் மேலே ஏற எரித்த காஸ் வீணாகப் போய்விடவில்லை. உயரமாக மாறிச் சேமிப்பில் இருக்கிறது. இறங்கும்போது அந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான் வண்டி ஓடுகிறது. விமானத்துக்கு வானமே மேம்பாலம். ஏறும்போது எரித்த எரிபொருளில் ஒரு பங்கு, பத்துக் கிலோமீட்டர் உயரமாக அதன் கணக்கில் வரவாகி நிற்கிறது. என்ஜின் நின்ற நொடியில் விமானத்தின் வேகம் எங்கே போய்விடும்? மூக்கைச் சற்றே தாழ்த்தினால் போதும். சரிவில் உருளும் வண்டி போல, காற்றின்மேல் சரிந்து அது போய்க்கொண்டே இருக்கும். காற்று இறக்கையைத் தழுவி ஓடும்வரை தாங்கும் விசையும் இருக்கும்.

எவ்வளவு தூரம் போகும்? இன்றைய பெரிய பயணிகள் விமானம் ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் முன்னேறிவிடும். சில விமானங்கள் இன்னும் கூட. அம்மாவுக்காக நான் வேலூரை எடுத்துக்கொண்டேன். வேலூர்க் கோட்டைக்கு நேர்மேலே ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் விமானம் பறக்கிறது என்று வையுங்கள். எல்லா என்ஜின்களும் நின்றுவிட்டன. ஒன்பதைப் பதினைந்தால் பெருக்கினால் 135 கிலோமீட்டர். மீனம்பாக்கம் அங்கிருந்து நேர்கோட்டில் 115 கிலோமீட்டர் அளவுதான். காற்று எதிர்த்து வீசாதிருந்தால், சென்னையில் இறங்கிவிட்டு மிச்சமும் இருக்கும். அதற்கு ஆகும் நேரம் கால் மணிக்குக் குறையாது. கல் விழுவதற்குக் கால் மணி ஆகுமா?

இன்னொன்றும் சொன்னேன். என்ஜின் எல்லாம் நன்றாக இருக்கும் நாளில்கூட, விமானம் இறங்கத் தொடங்கியபின் என்ஜின்களைப் பெரும்பாலும் மிகக் குறைந்த விசையில்தான் வைத்திருப்பார்கள். அதாவது, விமானம் ஏறிய ஒவ்வொருவரும் ஏறத்தாழ ‘நியூட்ரலில்’ கொஞ்ச தூரம் வந்தவர்களே! சன்னலோரம் அமர்ந்து மேகம் பார்த்தவர்களுக்கு அது தெரிவதில்லை.

அம்மா கணக்கைக் காட்டிலும் கதையை நம்புகிறவள். ஆகவே கதைகளைத் தேடினேன். 1982 ஜூன் 24ஆம் நாள் இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு என்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தலைமை விமானி எரிக் மூடி, சிறிய சிக்கல் ஒன்று நேர்ந்துள்ளது, நான்கு என்ஜின்களும் நின்றுவிட்டன என்று பயணிகளுக்கு அறிவித்தாராம். ‘சிறிய’ என்ற சொல்லை அந்த மனிதர் பயன்படுத்திய இடத்தைப் பாருங்கள்! விமானம் முப்பத்தேழாயிரம் அடியிலிருந்து சரிந்து வந்தது. சாம்பல் மண்டலத்தைத் தாண்டிக் கீழே வந்ததும், என்ஜினுக்குள் உருகி ஒட்டியிருந்த சாம்பல் குளிர்ந்து உதிர்ந்தது. என்ஜின்கள் மீண்டும் இயங்கின. முன் கண்ணாடியைச் சாம்பல் உரசி மங்கலாக்கிவிட்டிருந்ததால் அதன் ஓரத்து இடுக்கு வழியே பார்த்து ஜகார்த்தாவில் இறக்கினார்கள். 263 பேரும் பிழைத்தனர்.

அடுத்த ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கனடாவில் நடந்ததை, சோதனைக்கூடத்தில் அலகு எழுதாமல் விடைத்தாள் கொடுக்கும் நண்பர்கள் கவனித்துப் படிக்கவேண்டும். ஏர் கனடாவின் புதிய போயிங் 767 விமானத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம் எரிபொருள். கிலோவுக்குப் பதில் பவுண்டு கணக்கில் பெருக்கிவிட்டார்கள். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் புறப்பட்டது. நாற்பத்தோராயிரம் அடி உயரத்தில் வற்றிப்போயிற்று. விமானி ராபர்ட் பியர்சன் ஓய்வுநேரத்தில் என்ஜின் இல்லாத சறுக்கு விமானம் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்டுக் கார்ப்பந்தயத் திடலாகியிருந்த பழைய வான்படை ஓடுபாதையில் இறக்கினார். 69 பேருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. 2001 ஆகஸ்டு 24இல் இன்னொரு கனடா நாட்டு விமானம், எரிபொருள் கசிந்து இரண்டு என்ஜினும் நின்றபின் அட்லாண்டிக் கடலின்மேல் 120 கிலோமீட்டர் சறுக்கி, 306 பேரோடு அசோர்ஸ் தீவில் இறங்கியது. கீழே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில்!

என்ஜின் நின்றால் மின்சாரமும் நிற்குமே, விமானத்தைத் திருப்புவது எப்படி என்று கேட்பீர்கள். பெரிய விமானங்கள் பலவற்றின் உடலுக்குள் சிறு காற்றாடி ஒன்று மடங்கிக் கிடக்கிறது. ஆபத்து வேளையில் அது வெளியே விழுந்து, எதிர்க்காற்றில் சுழன்று, விமானத்தைக் கட்டுப்படுத்தப் போதிய ஆற்றலைத் தரும். பொங்கல் சந்தையில் குழந்தைகளுக்கு வாங்கித் தரும் காற்றாடியின் தத்துவம்தான்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் எனக்குத் திருப்பதிக் கதையே பெரிதாகத் தோன்றுகிறது. அது நம் பக்கத்துக் கதை என்பதால் மட்டும் அல்ல. மற்ற விமானங்கள் மடல்களை மடக்கிக்கொண்டு, வழுக்குப் பாறையில் வழுக்குவது போல் சறுக்கின. திருப்பதி விமானமோ நீட்டிய மடல்களோடு வந்தது. மடல்களை நீட்டினால் குறைந்த வேகத்திலும் விமானம் மிதக்கும். அதற்கு விலையாகக் காற்றின் தடையும் கூடும். தடை கூடியதால்தான் எரிபொருள் விரைவாகக் கரைந்தது. அதே தடை சறுக்கும் தூரத்தையும் வெட்டிவிடும். அப்பா மொழியில் சொன்னால், பிரேக்கைப் பாதி மிதித்தபடி மேம்பாலம் இறங்குவது. ஒன்றுக்குப் பதினைந்து என்ற என் வேலூர்க் கணக்கு அங்கே செல்லாது. ஓடுபாதை இல்லை, இரண்டாம் முயற்சிக்கு இடமும் இல்லை. ஆனால், மடல் நீண்டிருந்ததால் மெதுவாக இறங்க முடியும் என்ற ஒரு நன்மையும் அதில் இருந்தது. கெடுத்ததே கடைசியில் கொஞ்சம் உதவியது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆமதாபாத்தை மட்டும் மறைப்பது நேர்மையா? அம்மாவே கேட்டாள்: “அப்போ அந்த விமானம் ஏன் சறுக்கல?”

சறுக்குவதற்கு உயரம் வேண்டும். எழும்பிய சில நொடிகளில் இரண்டு என்ஜின்களுக்கும் எரிபொருள் வரவு நின்றது என்று முதற்கட்ட விசாரணை அறிக்கை கூறுகிறது. அப்போது கையிருப்பு சில நூறு அடிதான். தரையிலிருந்து எழும்பி அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. 2009 ஜனவரி 15இல் நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி இரண்டு என்ஜினும் இழந்த விமானத்துக்கு ஏறத்தாழ 2,800 அடி இருந்தது. அது மூன்றரை நிமிடம் தந்தது. சல்லன்பெர்கர் என்ற விமானி அதை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காத்தார்.

நம் பெங்களூரிலேயே இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 1990 பிப்ரவரி 14இல் பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானம் பழைய எச்.ஏ.எல். ஓடுபாதையை எட்டாமல் கோல்ஃப் திடலில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தனர். என்ஜின்களில் பழுது இல்லை. அவை குறைந்த விசையில் இருந்தபோது உயரமும் வேகமும் இரண்டுமே கரைந்துவிட்டன. விசையைக் கூட்டியபோது காலம் கடந்துவிட்டது. ஜெட் என்ஜின் முழு வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகள் இல்லை. நல்ல என்ஜின் இருந்தும் விழுந்த அந்த விமானத்தையும், என்ஜின் ஓய்ந்தும் இறங்கிய திருப்பதி விமானத்தையும் நான் அடிக்கடி சேர்த்தே நினைக்கிறேன். 2009 மார்ச் 6இல், இங்கே உருவான ‘சரஸ்’ விமானத்தின் என்ஜினை வானில் நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனையின்போது, பிடதி அருகே மூன்று வான்படை அதிகாரிகள் உயிர் துறந்தனர். நாம் நிம்மதியாகப் பயணம் செய்வதற்காக இப்படிச் சோதித்துப் பார்க்கவும் சிலர் வேண்டியிருக்கிறது.

ஓர் என்ஜின் மட்டும் நின்றால் பெருங்கவலை இல்லை. மிஞ்சிய ஒன்றைக் கொண்டே ஏறிச் சென்று திரும்பி இறங்கும் வல்லமை இல்லாத விமானத்துக்கு உரிமமே கிடையாது. 2024 மே 18 இரவு, பெங்களூரிலிருந்து கொச்சிக்கு எழும்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் ஓர் என்ஜினில் தீப்பிடித்தது. திரும்பி வந்து இறங்கியது. 179 பயணிகளும் ஆறு பணியாளர்களும் உயிரோடு வெளியேறினர்.

எல்லாவற்றையும் கேட்ட அம்மா சிறிதுநேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்போ ஏறும்போதுதான் பயம். மேல போயிட்டா அவ்ளோ பயமில்ல. அப்படித்தான?” என்றாள். நான் அரைமணி நேரம் பேசியதை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்! “பத்தாயிரம் அடி போவ எத்தினி நிமிசம்?” என்று கேட்டாள். ஐந்து நிமிடம் இருக்கலாம் என்றேன். “அஞ்சு நிமிசம்னா சாமி படத்தாண்ட நின்னுக்குவேன்” என்றாள். போகலாம் என்று வாயால் சொல்லவில்லை. அப்பா மட்டும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

முறத்தைச் சுவரில் சாய்த்தபடி அம்மா மறுபடி கேட்டாள். அவள் பிறந்தது குடியாத்தத்துப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில்.

“அந்தத் திருப்பதி வயலு... ஐப்பசின்னா நெல்லு நின்னுகினு இருந்திருக்கும். அந்த வயக்காரனுக்கு யாராவது பணம் குடுத்தாங்களா?”