ஒரே தராசில் இரண்டு

கால்நடை மருந்தகத்தில் 31 வருடம் கம்பவுண்டராக இருந்தவன் நான். ஆடு, கோழி தவிர வேறு எதையாவது எடை போட்டிருக்கிறீர்களா தாத்தா என்று பேரன் போன வாரம் கேட்டான். போட்டிருக்கிறேன். 1998 ஏப்ரலில், ஒரே மாதத்தில் இரண்டு.

அப்போது திண்டுக்கல் பக்கம் மலையடிவார ஊர் ஒன்றில் வேலை. வனக்காவலர் ஒருவர் சாக்கோடு வந்தார். "ரோட்டுல அடிபட்டுக் கிடந்துச்சு சார். பூனைக்குட்டி மாதிரி இருக்கு, ஆனா குட்டி இல்ல." பிரித்துப் பார்த்தால், சாம்பல் உடம்பில் வரிசை வரிசையாகத் துரு நிறப் புள்ளிகள். பல் எல்லாம் முற்றிய பல். துரும்பன் பூனை என்று டாக்டர்தான் சொன்னார். ஆசியாவிலேயே மிகச் சிறிய காட்டுப்பூனை; இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் கிடையாது. தராசில் 1 கிலோ 100 கிராம். வீட்டுப் பூனை இதைப்போல மூன்று மடங்கு இருக்கும்.

வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை விலங்கு. அதனால் ரேஞ்சர் வந்தார். பிரேதப் பரிசோதனை, மகஜர், சாட்சிக் கையெழுத்து எல்லாம் முடித்து, எங்கள் கண் முன்னாலேயே எரித்தார்கள். பூனையைவிட ஃபைல் கனமாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து, மருந்தகத்துக்குப் பின்னால் மின்கம்பியில் அடிபட்டு ஒரு பழந்தின்னி வௌவால் விழுந்து கிடந்தது. ஏனோ அதையும் அதே தராசில் வைத்தேன். 1 கிலோ 150. பூனையைவிட 50 கிராம் கூட! விரித்துப் பிடித்தால் இறக்கை நாலு அடிக்கு மேல். முகம் அசல் நாய்க்குட்டி. பெண். அக்குளுக்குப் பக்கத்தில்தான் அதற்குக் காம்பு. லேசாக அழுத்தினேன், பால் வந்தது. வருடத்துக்கு ஒரே குட்டி போடுகிற ஜீவன்.

எந்த ரிஜிஸ்டரில் எழுதுவது என்று டாக்டரைக் கேட்டேன். சிரித்தார். சட்டத்தில் அது காக்கை, எலியோடு ஐந்தாம் அட்டவணை. யார் வேண்டுமானாலும் கொல்லலாம். கேள்வி இல்லை. குழி தோண்டிப் போட்டேன்.

நியாயம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஏழு வயதில் எனக்கு இழுப்பு. வௌவால் கறி தின்றால் நிற்கும் என்று யாரோ சொல்ல, அப்பா வேட்டைக்காரரிடம் வாங்கி வந்தார். கோழி என்று சொல்லித்தான் அம்மா மிளகு போட்டு வைத்துக் கொடுத்தாள். மூன்று தடவை. இழுப்பு நிற்கவில்லை, இன்றும் சட்டைப் பையில் இன்ஹேலர். அந்த மூன்றில் எத்தனை பால் கொடுத்துக்கொண்டிருந்ததோ என்று குழியை மூடும்போதுதான் தோன்றியது.

பூனை எலி பிடிக்கிறது, சரி. இலுப்பைப் பழத்தைத் தூக்கிப்போய் விதையைத் தூரத்தில் போடுவது யார்? எங்கள் ஊர் ஓடைக்கரை இலுப்பைகளை ஒருத்தரும் நட்டதாகத் தெரியவில்லை.

2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த ஐந்தாம் அட்டவணையையே எடுத்துவிட்டார்களாம். பேரன் போனில் படித்துக் காட்டினான். பிறகு, "அந்தக் குட்டி என்ன ஆச்சு?" என்றான்.

அன்று சாயங்காலம் கண்மாய்க்கரை மருதமரத்துக்குப் போனேன். நூற்றுக்கணக்கில் தொங்கின. எது அதன் குட்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாற்றத்தில் எனக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. இருட்டும் வரை நின்றுவிட்டு, எல்லாம் பறந்து போன பிறகு சைக்கிளை எடுத்தேன்.