அர்பத்நாட் என்ற பெயர்

வடகிழக்கு ஸ்காட்லாந்தில் ஓர் ஊரின் பெயர், குடும்பப் பெயராயிற்று. நசரத்பேட்டையிலிருந்து வங்கி வேலைக்குப் போய்வரும் எனக்கு அது இருமுறை அறிமுகமாயிற்று. முதலில் பி.ஏ. வகுப்பில். டாக்டர் ஜான் அர்பத்நாட், ஆன் அரசியின் மருத்துவர், ஸ்விஃப்டின் நண்பர். தன்மேல் விழுந்த பழிகளுக்கு அலெக்ஸாண்டர் போப் 1735இல் வெளிவந்த கவிதைக் கடிதத்தில் பதில் சொன்னபோது அதை இவருக்கே எழுதினார்.

அடுத்தது வங்கியில். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். பணம் போட்டவர்கள் பேரேட்டைப் பார்த்தா போட்டார்கள்? பெயரைப் பார்த்துத்தான்.

அந்த வீழ்ச்சியின் விளைவாக 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. முன்நின்றவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். மிதவாதியான அவர்தான் தீவிரவாதக் கட்சியைச் சேர்ந்த பாரதியின் பாட்டுகளை அச்சிட்டு இலவசமாக வழங்கியவர். கட்சியைப் பார்க்கவில்லை, பாட்டைக் கேட்டார்.

நம் விமர்சனத்தில் இன்னும் அர்பத்நாட் காலந்தான் நடக்கிறது. கவிதையைப் படிக்குமுன் அடியில் யார் பெயர் என்று பார்த்தாகிறது. செக்கில் கையெழுத்து சரியாக இருந்தாலும் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாஸ் செய்கிறோம். கவிதைக்கு மட்டும் கையெழுத்தே போதும் என்றாகிவிட்டது.